இடது காலில் தவறிய பந்துகள்

ஒரு மனிதனின் பிழைகளை இன்னொரு மனிதனின் தலையில் சுமத்தியவள் நான். அது கவனக்குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உண்மை தெரிந்த பின்பும் வாய் திறக்காமல் இருந்தேனே... அதற்கு என்ன பெயர்? நீங்களே சொல்லுங்கள்.

அவர் பெயர் குன்லே. நைஜீரியர். லாகோஸிலிருந்து இளம் வயதில் நோர்வேக்குப் போய், அங்கே ஒரு சிறிய கழகத்தில் உதைபந்தாட்டம் ஆடிக்கொண்டிருந்த நடுக்கள வீரர். நானோ ரொறன்ரோவில், வோபர்னில், என் அறையில் இருந்தபடியே ஐரோப்பியக் கழகங்களுக்காக ஆட்டங்களின் காணொளிகளை வெட்டித் தொகுப்பவள். ஒரு வீரரை வாங்க நினைக்கும் கழகம் முதலில் எங்கள் நிறுவனத்தைப் போன்ற ஒன்றைத்தான் கேட்கும். அவர் பந்தைத் தொட்ட ஒவ்வொரு கணத்தையும் நாங்கள் எடுத்துக் கொடுப்போம். அவர்களுக்கு நாங்கள்தான் கண்!

ஜெர்மனியின் இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்று குன்லேயைப் பற்றிக் கேட்டிருந்தது. வேலை என்னிடம் வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. பக்கத்து ஊரான அஜக்ஸில் அக்காவின் புதுவீட்டுக்குக் குடிபூரல். ரயிலைப் பிடிக்கவேண்டும். அரைகுறையாகக் கட்டிய சேலையோடு கடைசி ஆட்டத்தை ஓடவிட்டேன். திரை முழுவதும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கமெரா எங்கோ தொலைவில். முதுகிலுள்ள இலக்கங்கள் தெரியவில்லை. அந்த அணியில் கறுப்பினத்தவர் இருவர்: குன்லே, மற்றவர் கானா நாட்டு குவாமே. இருவருமே நடுக்களம். இரண்டாம் பாதியில் பயிற்சியாளர் அவர்களை இடம் மாற்றி ஆடவிட்டிருக்கிறார். நான் கவனிக்கவில்லை. குன்லே நிற்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு மனிதர் நின்றார். எனக்கு அது போதுமாக இருந்தது!

பந்துகள் தவறிக்கொண்டே இருந்தன. எல்லாவற்றையும் குன்லேயின் பெயரில் வெட்டிச் சேர்த்தேன். ‘நெருக்கும்போது பந்தை இழக்கிறார்’ என்று கீழே ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, ரயிலேறிப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஜெர்மன் கழகம் அவரை வேண்டாம் என்றது.

சில வாரங்கள் கழித்து, அதே அணியின் கோல்காப்பாளரைப் பற்றி வேறொரு கழகம் கேட்டது. அதே ஆட்டத்தை மறுபடி பார்த்தேன். இம்முறை அவசரம் எதுவும் இல்லை. ஒரு பந்து தவறுகிறது... இடது காலிலிருந்து. இன்னொன்று... அதுவும் இடது கால். குன்லே வலது காலால் ஆடுபவர்! ஒரு கணம் கமெரா அருகே வந்தது. குவாமேயின் முகம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோல்காப்பாளரின் தொகுப்பை முடித்தேன். கணினியை மூடினேன். தேநீர் போடப் போனேன்.

வேலை போய்விடும் என்ற பயம். வேறொன்றுமில்லை.

இதையும் கேளுங்கள். ஸ்காபரோவில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை வருடம் முழுவதும் என்னை அபிராமி என்றே கூப்பிட்டாள். அபிராமி வேறு பிள்ளை. என்னைவிட உயரம், கண்ணாடி போட்டவள். இருவரும் தமிழ்ப் பிள்ளைகள் என்பதைத் தவிர எங்களுக்குள் ஒரு ஒற்றுமையும் கிடையாது. அபிராமி வீட்டுப்பாடம் செய்யாத நாட்களில் ஏச்சு எனக்கு விழும். எப்படிக் கொதித்திருப்பேன்! அந்த ஆசிரியையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அப்படிப்பட்ட நானா...? ஆம், நானேதான்.

நோர்வேக் கழகம் குன்லேயின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் பின்லாந்தில், இரண்டாம் பிரிவில் போய்ச் சேர்ந்தார்.

அப்போதிருந்துதான் நான் அவரைப் பின்தொடரத் தொடங்கினேன். ஐரோப்பாவின் பிற்பகல் நமக்குக் காலை அல்லவா? சனிக்கிழமை காலைகளில், மங்கலான ஏதோவொரு நேரலையில் அவரைத் தேடுவேன். ‘முடிந்துபோனாரோ...’ என்ற பயத்தில்தான் முதலில் பார்த்தேன். முடிந்துபோகவில்லை! பந்து வருமுன்பே இரு தோள்களுக்கு மேலாகவும் ஒரு பார்வை. வந்த பந்தைப் பாதி திரும்பியபடியே எடுத்து, எதிரி காலை நீட்டுவதற்குள் போய்விடுவார். சேறும் தண்ணீருமான திடலில் பந்தைப் பறிகொடுத்தாலும், அடுத்த நொடியே கையை உயர்த்தி மறுபடி கேட்பார். அந்தக் கை உயர்வதைக் காணும்போதெல்லாம் எனக்கு மூச்சு வரும். அவருடைய அணி முதற்பிரிவுக்கு ஏறிய நாளில் என் அறையில் தனியே எழுந்து நின்று கைதட்டினேன்.

அதற்கடுத்த பருவத்தில், பெல்ஜியத்தின் முதற்பிரிவுக் கழகம் ஒன்று நல்ல நடுக்கள வீரர்களைக் காட்டும்படி எங்களிடம் கேட்டது. முதல் பெயராக குன்லேயை வைத்தேன். ஒவ்வொரு பந்தையும் எந்தக் கால், எந்த முகம் என்று பார்த்துப் பார்த்து வெட்டினேன். ஒரு பொய் இல்லை, ஒரு மிகை இல்லை. அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்!

அதோடு சரியாகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படி நினைக்கத்தான் ஆசைப்பட்டேன்...

சென்ற கோடையில் அவரிடமிருந்தே ஒரு செய்தி வந்தது. இங்கே பக்கத்தில், பிறம்ரனில் இருக்கும் தன் சகோதரியைப் பார்க்க வருகிறாராம். பெல்ஜியத் தொகுப்பைச் செய்தவள் ரொறன்ரோவில் இருக்கிறாள் என்று அவருடைய முகவர் சொன்னாராம். நேரில் நன்றி சொல்லவேண்டுமாம்.

அக்காவுக்கு மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன்.

“உனக்கென்ன விசரா? போய்க் கோப்பியைக் குடிச்சிட்டு வா. பழசை ஏன் கிளறுறாய்?”

“அவர் எனக்கு நன்றி சொல்லப்போறார், அக்கா.”

“சொல்லட்டுமே! நீதானே அந்தாளைப் பெல்ஜியத்துக்கு அனுப்பினனி.”

“பெல்ஜியத்துக்கு அனுப்பினது அவரின்ரை கால். நான் அனுப்பினது பின்லாந்துக்கு.”

அக்கா சொன்னாள்: “ஓம், அப்ப சொல்லு. ஆனா அழாதை. நீ அழுதா அந்தாள்தான் உன்னைத் தேத்தவேண்டி வரும்.”

பிறம்ரனில் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தோம். திரையில் பார்த்ததைவிட மெலிந்தவர், மெதுவாகப் பேசுபவர். ஒரு பையிலிருந்து தன் கழகச் சட்டையை எடுத்து மேசையில் வைத்தார். எனக்காகக் கொண்டுவந்தது. அதைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பனி, சேலை, ரயில், இடது கால், மூடிய கணினி... எல்லாம்.

“குவாமேயா?” என்று சிரித்தார். “எங்கள் பயிற்சியாளரே எங்களை மாற்றித்தான் கூப்பிடுவார்.”

பிறகு சிரிப்பு நின்றது. மேசையில் கிடந்த என் மண்ணிறக் கையைப் பார்த்தார்.

“நீங்களுமா?” என்றார்.

அந்த ஒரு சொல்!

அங்கே கிடைத்த சம்பளத்தில் பின்லாந்துக்கு மனைவியையும் மகளையும் அழைக்க முடியவில்லை என்றார். மகள் முதன்முதல் எழுந்து நடந்ததைக் கைபேசியில்தான் பார்த்தாராம். “ஜெர்மனியாக இருந்திருந்தால் கூடவே இருந்திருப்பார்கள்,” என்றார், குரலை உயர்த்தாமல். நான் அழவில்லை.

“சொல்லாமலே இருந்திருக்கலாமே. எனக்குத் தெரிந்திருக்காது,” என்றார்.

“உங்கள் நன்றியை வாங்க என்னால் முடியவில்லை.”

சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நின்றபடியே சொன்னார்: “பெல்ஜியத் தொகுப்பை நானும் பார்த்தேன். உங்களுக்குப் பார்க்கத் தெரிகிறது. இனி ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நான் விட்ட பிழைகளை வெட்டி எனக்கு அனுப்புங்கள். என்னுடையவற்றை மட்டும்!”

மறுநாள் என் மேலாளரிடமும் சொன்னேன். வேலை போகவில்லை. நான் செய்யும் ஒவ்வொரு தொகுப்பையும் இப்போது இன்னொருவர் சரிபார்க்கிறார். என் வேலையை மட்டுமல்ல, எல்லோருடையதையும் இருவர் பார்க்கவேண்டும் என்று மேலாளர் மாற்றிவிட்டார். நல்லதுதான். பனியில் ஆடும் வேறு யாருக்காவது அது உதவும்.

குன்லேயின் குடும்பம் இப்போது அவரோடு பெல்ஜியத்தில் இருக்கிறது. இந்தப் பருவம் அவர் அணியின் உபதலைவர். நான் ஞாயிறுதோறும் பிழைகளை அனுப்புகிறேன். ‘கிடைத்தது’ என்று ஒரு சொல் பதிலாக வரும். அதற்கு மேல் எதுவும் வந்ததில்லை.

சென்ற ஞாயிறு மட்டும் வந்தது.

‘ஒன்றைத் தவறவிட்டீர்கள். இரண்டாம் பாதித் தொடக்கத்தில், கோட்டருகே. அதுவும் என்னுடையதுதான்.’

திரும்பப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். மூன்று பேர் கூடிநின்ற இடத்தில், யாருடைய கால் என்றே தெரியாமல் நழுவிய பந்து. அவர் சொல்லாவிட்டால் எவரும் கண்டிருக்க மாட்டார்கள். அதையும் வெட்டிச் சேர்த்து மறுபடி அனுப்பினேன்.

மன்னித்தேன் என்று அவர் இதுவரை எழுதவில்லை. எழுதுவார் என்று நான் காத்திருக்கவும் இல்லை...

பொய்! காத்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும்.