வீடியோவின் ஓரத்தில் போன மகள்

ஒஸ்லோவிலிருந்து கோடை விடுமுறைக்கு ஜெர்மனியில் ஹனோவருக்குப் போயிருந்தோம். அங்கே நடைபாதையில் சிவப்புக் கோடு கீறியிருக்கிறார்கள். அதன் வழியே நடந்தால் வழிகாட்டி இல்லாமலே பழைய கட்டடங்களைப் பார்க்கலாம். ஐந்து வயது மகள் கோட்டை விட்டு விலகாமல் நடந்தாள்.

கணவரோ கட்டடத்துக்குக் கட்டடம் நின்று, கனடா, லண்டன் சொந்தங்களுக்கு அனுப்ப வீடியோ எடுத்தார். ஒரு தேவாலயக் கோபுரத்தின் முன்னால், "இஞ்சை பாத்துக் கொஞ்சம் சிரியுமப்பா" என்றார். நானும் இளித்துக்கொண்டு நின்றேன். திரும்பினால் மகள் இல்லை.

கோட்டோடு ஓடினோம். இரண்டு தெரு தள்ளி, வாகனங்கள் பறக்கும் சந்தியில், யாரோ ஒரு பெண் அவளைப் பிடித்து வைத்திருந்தாள்.

"நீர் பாப்பீர் எண்டெல்லோ நினைச்சனான்!" என்று கணவர் என்மேலேயே பாய்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாலையில் அந்த வீடியோவைக் குடும்பக் குழுவில் வேறு போட்டார்! என் தோளுக்குப் பின்னால் மகள் தனியே நடந்து போவது அதில் தெளிவாகத் தெரிகிறது. வந்த பதிலெல்லாம், "கோபுரம் நல்ல வடிவு."

இப்போது வெளியே போனால் அவருடைய கைபேசி என் கைப்பைக்குள்.

"ஏன் ஒரு வீடியோவும் வரேல்லை?" என்று போன கிழமை கனடா மச்சாள் கேட்டார்.

"பிள்ளையைப் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்" என்றேன்.