விசிறி சுற்றாத பின்னேரம்

மைக்ரோவேவ் அடுப்பின் பச்சை எண்கள் நேரம் நான்கு இருபத்தைந்து என்று காட்டின. ஆறிப்போன தேநீரைச் சூடாக்க உள்ளே வைத்துவிட்டு அந்த எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து அறையில் என் கணவர், "இப்ப போடு பிள்ளை" என்றார். மகள் பொத்தானை அமத்திய சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் உயிர்பெறும்போது எழுகிற இரைச்சல் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. குழம்பு கொதிக்கிற சத்தத்துக்கு நடுவிலும் அது கேட்கும். அன்று அது கேட்காதபோது, தேநீரை அப்படியே விட்டுவிட்டுக் குசினி வாசலுக்கு வந்து காது கொடுத்தேன். ஒரு இயந்திரத்துக்காக ஒரு தாய் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்பவர்களுக்காக, முந்திய வருடத்தைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. டவுன்டவுனில் இருந்த பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தாள். முந்திய படிப்பு வருடத்தின் இலையுதிர் காலத்தில் ஒருநாள் காலை அவள் எழும்பவில்லை. காய்ச்சல் இல்லை, நோ இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அப்படியே ஒரு தவணை முழுவதும் போனது. வைத்தியர் அந்த வருத்தத்துக்கு ஒரு பெயர் சொன்னார். குளிசை தந்தார். அந்தப் பெயரை நான் தமிழில் ஒருவருக்கும் சொன்னதில்லை. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்திருக்கிற சொல் ஒன்றுதான், அதை என் பிள்ளைமீது எவரும் போட நான் விடமாட்டேன். கோயிலில் கேட்டவர்களுக்கு இரத்தம் குறைவு என்றேன். பீற்றூட் குடுங்கோ என்றார்கள். சரி என்றேன்.

கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டாள். செப்ரெம்பரில் வகுப்புக்குப் போனாள். இப்போது தை மாதம், கடைசி வருடத்தின் பெரிய வேலை, திங்கட்கிழமை காலை கையளிக்க வேண்டும். ஒரு நூலகத்தின் வரைபடங்கள். சுவர் சுவராக அதைத் திரையில் எழுப்பியிருந்தாள். ஆனால் கம்ப்யூட்டருக்கு அந்தக் கட்டடத்தைச் சுமக்க முடியவில்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பினால் அப்படியே உறைந்துபோய் நிற்கும். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஒரு கிழமையாக அவளுடைய அறைக் கதவின் கீழ் வெளிச்சம் அணையவில்லை. வேலை கூடிவிட்டது என்று நினைத்தேன்.

என் கணவர் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். இங்கே, பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர் நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில், விமானப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் கட்டடத்தில் எவருடைய ரைஸ் குக்கர் பழுதானாலும் எங்கள் வீட்டு மேசைக்குத்தான் வரும். மகளுக்கு ஒரு புதிய கிராபிக்ஸ் கார்ட் வாங்கிப் போட்டுவிட்டால் எல்லாம் சரி என்று அவர் முடிவெடுத்தார். அந்தக் கார்டுக்குப் பழைய கறண்ட் பெட்டி காணாது, பெரியது வேண்டும் என்று கடைக்காரர் சொல்லவே அதையும் வாங்கிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டருக்கு உள்ளே பின்பக்கமாக இருந்து எல்லாப் பாகங்களுக்கும் கறண்ட் கொடுக்கிற தகரப் பெட்டி அது.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் இருவரும் அவளுடைய அறையில் நிலத்தில் இருந்துகொண்டு வேலையைத் தொடங்கினார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். தகப்பனும் மகளும் ஒரே திருப்புளியை மாறி மாறி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, இது ரேடியோ இல்லை. தட்டினா வேலை செய்யாது."

"தட்டிப் பாக்காமல் எப்பிடிச் சொல்லுவாய்?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் என்று நினைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். பழைய பெட்டியை இழுத்து எடுக்கும்போது ஒரு வயர் உள்ளே எங்கேயோ சிக்கி, முளையோடு பிய்ந்து வந்தது. பரவாயில்லை, இனி அது தேவையில்லை என்றார். புதிய பெட்டியைக் கையில் எடுத்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே இருந்த ஒரு சின்னச் சிவப்புச் சுவிச்சைத் திருப்புளியின் நுனியால் மறுபக்கம் தள்ளினார். பிறகு உள்ளே வைத்து முடுக்கினார். நான் அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. ஊரில், கடையில் அவர் அப்படிச் செய்வதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் தேநீர் சூடாக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது மகள் பொத்தானை மீண்டும் அமத்திக்கொண்டிருந்தாள். விசிறி ஒருமுறை இலேசாக அசைந்தது, நின்றுவிட்டது. திரை கறுப்பு. அவர் பொறு பொறு என்றார். சுவரில் வேறு செருகியில் போட்டுப் பார்த்தார். வேறு வயர் போட்டுப் பார்த்தார். புதிய கார்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பழைய பெட்டியைத் திரும்பப் போடலாமென்றால் அதன் வயர் பிய்ந்துவிட்டது. நினைவகத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, துணியால் துடைத்து, திரும்ப வைத்தார். ஒவ்வொரு தடவையும் "இப்ப அமத்து" என்பார். அவள் அமத்துவாள். விசிறி அசையும், நிற்கும்.

ஐந்தாவதோ ஆறாவதோ தடவை அவள் அமத்தவில்லை. எழும்பிக் கட்டிலின் ஓரத்தில் போய் இருந்தாள். இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

"என்ர வேலை முழுக்க அதுக்குள்ளதான் கிடக்கு" என்றாள்.

டிஸ்க்கில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது, அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டால் எல்லாம் அப்படியே இருக்கும் என்று அவர் விளங்கப்படுத்தினார். அவர் சொன்னது உண்மை. அன்றைக்கு அந்த அறையில் அதை நம்பக்கூடிய நிலையில் ஒருவரும் இருக்கவில்லை. அவர்கூடச் சொல்லிக்கொண்டே திரும்பவும் அதே திருகாணியைத்தான் கழற்றினார். அவள் தகப்பனிடம் பிரெஞ்சில், விடுங்கோ என்று சொன்னாள். சுகமாக இருக்கிற நாட்களில் அவள் எங்களோடு தமிழ்தான் கதைப்பாள்.

வெளியில் இருட்டத் தொடங்கியிருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு நடையில் வந்து நின்றாள்.

"டெப்பனருக்குப் போட்டு வாறன்."

மூலையில் உள்ள சின்னக் கடை. போய்வரப் பத்து நிமிடம் ஆகாது. குளிர்ந்த காற்றுப் பட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"அப்ப ஒரு பாலும் வாங்கிக்கொண்டு வா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஓம் என்றாள். போனாள்.

ஐந்தரை ஆனபோது அவளுடைய கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். மணி அவளுடைய அறைக்குள் அடித்தது, போர்வைக்குக் கீழே. என் கணவர் நிலத்தில் இருந்தபடி அந்தப் போர்வையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது அடித்து ஓயும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.

நான் குசினிக்குப் போய், மேல் தட்டில் அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த குளிசைப் போத்தலை எடுத்தேன். கையில் பாரமாக இருந்தது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு, வெளியே போனவளுக்கு இந்தப் போத்தல் எதற்கு என்ற நினைப்பு வந்ததும் அந்த மூச்சும் போய்விட்டது.

அப்போது பார்த்துத் தொலைபேசி அடித்தது. அவளாக இருக்கும் என்று ஓடிப்போய் எடுத்தேன். கோயில் பாடகர் குழுவில் என்னோடு பாடுகிற அக்கா. பின்னேரப் பூசைக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். மகளுக்குத் தடிமன் என்றேன். அவர் கொத்தமல்லி அவித்துக் குடுக்கச் சொன்னார், இஞ்சி எவ்வளவு போட வேண்டும் என்றும் சொன்னார். நான் ஓம் அக்கா, ஓம் அக்கா என்று சொல்லிக்கொண்டு, அந்தத் தொடர்பை எப்படித் துண்டிப்பது என்று தெரியாமல் நின்றேன். அந்த நிமிடங்களில் பிள்ளை எடுத்திருந்தால்?

சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன். கழுத்துக்குச் சால்வை கட்டவில்லை. டெப்பனர்க்காரருக்கு அவளைச் சின்ன வயதிலிருந்து தெரியும். இன்றைக்கு அவள் வரவில்லை என்றார். நிச்சயமாகவா என்று கேட்டேன். நிச்சயம் என்றார். கடைக்கு வெளியே, பஸ் நிற்கும் இடத்தில் ஒருவரும் இல்லை. பனியில் காலடிகள் எல்லாத் திசைகளிலும் போயிருந்தன. எது அவளுடையது என்று பார்க்க நான் உண்மையாகவே குனிந்தேன். ஒரு பஸ் வந்து, எனக்காகக் கதவைத் திறந்து, காத்திருந்து, மூடிக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்தபோது அவர் கம்ப்யூட்டரை இழுத்துப் புரட்டி, பின்பக்கம் வாசலைப் பார்க்க வைத்திருந்தார். பாகங்கள் எல்லாம் ஒரு பழைய துவாயின்மேல் கிடந்தன. அவற்றைத் திரும்பவும் ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

"அதை விட்டிட்டு எழும்புங்கோ" என்றேன். "பிள்ளையைத் தேடுங்கோ."

"அவள் வரேக்கை இது ஓடவேணும்" என்றார். நிமிரவில்லை. "இது ஓடினா அவள் வந்திடுவாள்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் கோயிலில் நேர்த்தி வைப்பதற்கும் அவர் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுவதற்கும் என்ன வித்தியாசம் என்றும் தோன்றியது. அவருக்குத் தெரிந்த மன்றாட்டு அதுதான். டோர்ச் லைட்டை எடுத்துப் பிடித்தேன். வெளிச்சம் பெட்டியின் பின்பக்கத்தில் விழுந்தது. சிவப்புச் சுவிச்சின்மேல் வெள்ளை எழுத்தில் 230 என்று இருந்தது. நான் அதை வாசித்தேன். அந்தக் கலைந்த குவியலுக்குள் சரியாக இருப்பது அது ஒன்றுதான் என்பதுபோல என் கண் அதைக் கடந்து போனது. படித்தவள் நான். ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவள். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு மணியானபோது, பொலிசுக்குச் சொல்லுவோம் என்றார். பொலிஸ் கார் வாசலில் நின்றால் கட்டடம் முழுவதும் யன்னலுக்கு வரும் என்ற எண்ணம் அந்த நேரத்திலும் வந்தது. அதைவிட, பொலிசுக்கு எதைச் சொல்வது? கடைக்குப் போனவள் இரண்டு மணித்தியாலமாக வரவில்லை என்றா? ஏன் பயப்படுகிறீர்கள் என்று கேட்டால், அந்தச் சொல்லைச் சொல்லத்தான் வேண்டும். எடுங்கோ, நானே கதைக்கிறன் என்றேன். அவர் தொலைபேசியை எடுத்துவர எழும்பினார். அதற்குள் மெட்ரோ வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்று நான் நடையில் குந்தி இருந்து, ஈரம் காயாத சப்பாத்துகளைத் திரும்ப மாட்டி, ஒரு காலின் ஸிப்பை மேலே இழுத்தேன்.

கதவில் திறப்புத் திரும்பியது.

அவள்தான். கண் இமைகளில் பனி உறைந்திருந்தது. கையில் பால் இல்லை. நான் எழும்பவும் இல்லை, பேசவும் இல்லை. பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் அவள் திரும்பிப் போய்விடுவாள் என்று பயந்தேன். அவள் என்னைத் தாண்டி, கோட்டோடும் சப்பாத்தோடும் தன் அறை வாசலில் போய் நின்றாள். தொலைபேசியைப் பிடித்தபடி அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அவள் குனிந்து கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஒரு பார்வைதான்.

"அப்பா, இது இருநூற்றி முப்பதில கிடக்கு."

அவர் விளங்காமல் பார்த்தார். பிறகு விளங்கியது. கையைத் தலையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டார். ஊரில் கறண்ட் இருநூற்றி முப்பது. அவருடைய கடைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற ரேடியோக்கள் நூற்றிப் பத்தில் இருக்கும். அப்படியே கறண்டில் போட்டால் எரிந்துபோகும். அதனால் பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை, பின்னாலிருக்கிற சுவிச்சை மறுபக்கம் தள்ளுவது. இந்த நாட்டின் கறண்ட் எவ்வளவு என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் நூற்றி இருபது என்று சரியாகச் சொல்லக்கூடியவர். அவருடைய கைக்கு மட்டும் அது தெரிந்திருக்கவில்லை.

வயரை அவரே கழற்றினார். அவள் நகத்தால் சுவிச்சைத் தள்ளினாள். திரும்பச் செருகி, பொத்தானை அமத்தினார். விசிறி சுற்றியது. நிற்காமல் சுற்றியது. எனக்குப் பழகின அந்த இரைச்சல் வீடு முழுவதும் நிறைந்தது. திரையில் நீலம் வந்தது.

"வந்திட்டுது பிள்ளை" என்றார் அவர். "எல்லாம் கிடக்கு, வந்து பார்."

அவள் திரையைப் பார்க்கவில்லை. நடைக்குத் திரும்பி வந்தாள். நான் சப்பாத்தின் ஸிப்பில் கை வைத்தபடி அப்படியே இருந்தேன். என் முன்னால் குந்தினாள். அவளுடைய முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. தமிழில்தான் சொன்னாள்.

"சப்பாத்தைக் கழட்டாதேங்கோ அம்மா. இவ்வளவு நேரமும் மெட்ரோ மேடையிலதான் இருந்தனான். எனக்குத் தனிய இருக்கப் பயமாக் கிடக்கு. என்னை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."