மூன்றாவது குழாயின் புள்ளி

ஆய்வகத்தில் குடுவையும் குழாயும் கழுவுகிறவரைக் கண்ணாடி அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அதே தொட்டி, அதே சூட்டடுப்பு. செல்லுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. எளிதில் நொறுங்கிவிடும், விரலில் ஒட்டியிருக்கும் நொதி துளி பட்டாலே போதும், கதை முடிந்தது. அதனால் கழுவியதை நான்கு மணி நேரம் சுட்டு, கையுறையோடுதான் அடுக்குவார். வீட்டில் டம்ளரையும் அப்படியே தேய்ப்பார். "டீ குடிக்கவா, ஆபரேஷனுக்கா?" என்று கணவர் கேலி செய்வார். அக்காவுக்குத் தன் வேலையில் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே.

அந்தக் கர்வத்துக்குத்தான் ஒருநாள் வேட்டு வந்தது. மூன்று வகை ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, எதில் என்னென்ன வேதிப்பொருள் என்று பார்த்தார்கள்; ஒவ்வொரு பொருளும் தாளில் தனித்தனிப் புள்ளியாக விழும். செய்தியைக் கொண்டுபோகும் வகையிலும், புரதம் செய்யும் எந்திரத்தின் உடலாக இருக்கும் வகையிலும் தெரிந்த புள்ளிகள்தான். அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் மூன்றாவது வகையில் மட்டும், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு புள்ளி.

"குழாய் சரியாக் கழுவலை," என்றார் ஆய்வகத் தலைவர், எல்லோர் முன்னிலையிலும்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "மூணையும் ஒண்ணாத்தான் சார் கழுவிச் சுட்டேன். அழுக்குன்னா மூணுலயும் இருக்கணும்ல? ஒண்ணை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்குமா?"

தலைவர் மசியவில்லை. "அடுத்த தடவை நானே கழுவுறேன்."

"கழுவுங்க சார். பக்கத்துலயே என்னோடதையும் வச்சுப் பாருங்க."

சும்மா சொல்லக் கூடாது, தலைவர் நன்றாகவே கழுவினார், சுட்டார். எடுத்து அடுக்கும்போதுதான் பளபளப்புப் பார்க்க வெறும் கட்டைவிரலால் ஒவ்வொன்றின் விளிம்பையும் தடவினார். அக்கா வாயைத் திறந்தார். "எல்லாம் எனக்குத் தெரியும்," என்று தலைவர் கையமர்த்தினார்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. தலைவரின் குழாய்களில் மூன்று வகையும் நொறுங்கி, பிரித்தெடுக்க எதுவும் மிஞ்சவில்லை. அக்காவின் குழாய்களில் எல்லாம் முழுசாக இருந்தன; மூன்றாவதில் அதே புள்ளி. அது அழுக்கே இல்லை, ஆர்.என்.ஏ.வின் வழக்கமான நான்கு வேதி எழுத்துகளில் ஒன்றின் மேல் அணுக்கள் சில கூடுதலாக ஏறியது என்று ஆய்வகத்து வேதியியல்காரம்மா கண்டுபிடித்தார்.

தலைவர் இருவர் குழாய்களின் புள்ளிப் படங்களோடும் தொட்டிக்கே வந்தார். அக்கா அவருடைய படத்தில் கலங்கிக் கிடந்த இடத்தைக் காட்டினார்.

"இதுதான் சார் அழுக்கு."

தலைவர் அசடு வழிந்தார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு ஜோடி கையுறையை உருவினார். "எனக்கும் கத்துக்குடுங்க."

"மொதல்ல மோதிரத்தைக் கழட்டுங்க," என்றார் கண்ணாடி அக்கா.