மூக்கக்காவும் ரோஜா சோப்பும்

காப்பிக்கொட்டை வறுத்து விற்கும் அந்தக் கடையில் அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளியான அவள் அண்ணனும் அண்ணியும் மட்டும் விதிவிலக்கு. பார்த்தால் அவளுடையது கடையிலேயே சின்ன மூக்கு. பெயர் அளவை வைத்து வந்ததல்ல.

அவள் வேலை இதுதான்: அன்றன்று வறுத்த ஈட்டில் ஒரு பிடி எடுத்துக் கொரகொரப்பாக அரைத்து, பிரஸ்ஸில் காப்பி இறக்கி, மோந்து, ஒரு வாய் குடித்து, "போகலாம்" அல்லது "வேண்டாம்" என்று சொல்வது. பிரஸ் என்றால் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு கண்ணாடிக் குவளை, ஒரு மூடி, மூடியின் நடுவே ஒரு கம்பி, கம்பியின் அடியில் வட்டச் சல்லடை, அவ்வளவுதான். மின்சாரம் கேட்காது, பாகமும் அதிகமில்லை. எளிய சாமான்களுக்கே உரிய கெட்ட குணம் மட்டும் உண்டு: காப்பி கெட்டுப்போனால் பழியைப் போட வேறு ஆள் கிடையாது.

குவளையை வெந்நீரால் அலசிச் சூடாக்குவாள். கொதி அடங்கிய தண்ணீரில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் முதலில் விடுவாள். தூள் பொங்கி, மூச்சுவிட்டு அடங்கியதும் மீதியை ஊற்றுவாள். மேலே ஏடு கட்டியபின் கரண்டியால் அதை உடைத்துக் குனிவாள். "அந்தக் குனியறதுதான் நம்ம கடைக்கு முதல்" என்று அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அதற்குப் பிறகுதான் மூடியை வைத்துக் கம்பியை உள்ளங்கையால் மெதுவாக இறக்குவாள். தூள் சரியான பதத்தில் இருந்தால் கம்பி கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு சம்மதித்து இறங்கும். முரண்டே பிடிக்காத கம்பியை அவள் நம்பமாட்டாள்.

இப்படி இருந்தவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் அவளுக்கு அது தெரியவில்லை. கொட்டை வைத்திருந்த தகர டப்பாவைத் திறந்தாள், வாசனை ஒன்றும் வரவில்லை. கொட்டைதான் சத்தில்லாதது என்று முடிவுகட்டி, புதிதாக வந்திருந்த மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அனுப்பியவர் மன்னிப்புக் கேட்டு இன்னும் நல்ல சரக்காக மாற்றிக் கொடுத்தார். அதிலும் ஒன்றும் வராதபோதுதான் குற்றம் எங்கே என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் வீட்டுக்காரருக்குப் பூட்டுப் பழுது பார்க்கும் வேலை. அவரிடம் மட்டும் சொன்னாள்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிடேன்" என்றார் அவர்.

"சொன்னா?"

"தெரிஞ்சிடும்."

"அதுக்குத்தான் சொல்லல."

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. போன வருடம் வறுக்கும் ஆள் ஒருவர் சளியோடு வந்து, ஓர் ஈடு முழுக்கக் கருகியது தெரியாமல் நின்றிருந்தார். "மூக்கு போனவனுக்கு இங்க என்ன வேலை? போய் மூட்டை தூக்கு" என்று தெருவுக்கே கேட்கும்படி அண்ணன் சொன்னார். அவர் மூட்டையும் தூக்கவில்லை, வேலைக்கும் திரும்பவில்லை. அன்று அண்ணன் சொன்னது நியாயம்தான் என்று தலையாட்டியவர்களில் மூக்கக்காவும் ஒருத்தி.

அதனால் கள்ளத்தனமாகத் தொழிலைத் தொடர்ந்தாள். புளிப்பும் கசப்பும் நாக்குக்குத் தெரிந்தன. பதம் கைக்குத் தெரிந்தது. மிச்சத்தை மற்றவர் முகத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். முன்பெல்லாம் கோப்பையைத் தொடுவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்கிறவள், இப்போது "நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்று மற்றவர்களை முதலில் பேசவிட்டாள். மூக்கக்காவுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று கடையில் பேசிக்கொண்டார்கள். மூக்கு இருந்த காலத்தில் கிடைக்காத மரியாதை அது.

அண்ணி மட்டும் அந்த அடக்கத்தை நம்பவில்லை. ஒருநாள் பக்கத்து அடுப்பில் பால் அடிப்பிடித்துப் புகைந்தபோது கடையே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. மூக்கக்கா மட்டும் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிம்மதியாகக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதை அண்ணி பார்த்தாள். நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் நாத்தனாரிடம் நேராகக் கேட்டு, சந்தேகம் பொய்யாகப் போய்விட்டால், ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாளே. அதனால் ஒரு காலையில் பிரஸ்ஸின் சல்லடைத் தட்டுகளைக் கழற்றி, நடுவில் ரோஜா சோப்பை நன்றாகத் தேய்த்து, மறுபடி முடுக்கி வைத்தாள். தினமும் இறக்கும் முதல் காப்பியில் அது வெளிப்படும். கண்டுபிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் அதுவும் சரி. வீட்டோடு முடிந்துவிடும்.

வீட்டோடு முடியவில்லை. மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்த விடுதிக்காரர் கடை திறந்த கையோடு வந்து நின்றார். ஊரில் பாதி விடுதிகளுக்குச் சரக்கு வாங்கித் தருகிறவர் அவர். அவருக்காகக் காத்திருந்து அண்ணனின் தலையே நரைத்துவிட்டது.

"உங்க தங்கச்சி மூக்கைப் பத்தி ரொம்பக் கேள்விப்பட்டேன். அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு வந்தேன்" என்றார்.

மூக்கக்கா பிரஸ்ஸை எடுத்தாள். கல்லாவில் இருந்த அண்ணி கையை நீட்டித் தடுத்தாள்.

"அது வேணாம்மா. அலமாரில இருக்கிறதை எடு."

"அந்தக் கைப்பிடி ஆடறதையா? வந்தவர் முன்னாடியா?" என்றார் அண்ணன்.

"அப்ப கொடு, ஒரு தடவை கழுவித் தரேன்."

"காலைலதான் யாரோ கழுவியிருக்காங்க அண்ணி. பளபளன்னு இருக்கு."

அண்ணியால் அதற்குமேல் பேச முடியவில்லை. பேசினால் சோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோப்பைப் பற்றிச் சொன்னால் ஏன் போட்டாய் என்று கேட்பார்கள். சும்மா இருந்தால் கடையின் பெரிய வியாபாரம் ரோஜா மணத்தோடு போய்ச் சேரும்.

மூக்கக்கா தண்ணீர் ஊற்றினாள். ஏடு கட்டியது. உடைத்தாள், குனிந்தாள். அவளுக்குள் வழக்கம்போல ஒன்றுமே வரவில்லை. விடுதிக்காரரும் குனிந்து மோந்து, திருப்தியாகத் தலையாட்டினார். சல்லடை இன்னும் உள்ளே போகவில்லையே. அவர் தலையாட்டியதைப் பார்த்து அவளும் தலையாட்டினாள். மூடியை வைத்துக் கம்பியை அழுத்தினாள்.

கம்பி முரண்டு பிடிக்கவில்லை. எண்ணெயில் இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு போனது.

பாதியில் கையை நிறுத்தினாள். தூள் அவளே அரைத்ததுதான், பதமும் நேற்றைய பதம்தான். அப்படியானால் சல்லடையில் ஏதோ இருக்கிறது. என்ன இருக்கிறது? ஏதோ சரியில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, என்ன வாசனை வருகிறது என்பதாகத்தான் இருக்கும். வழக்கப்படி முகங்களைத் தேடினாள். அண்ணன் முகத்தில் பெருமிதம். விடுதிக்காரர் முகத்தில் ஆவல். அண்ணியின் முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை.

"என்னம்மா, பாதில நின்னுட்டீங்க?" என்றார் விடுதிக்காரர்.

அண்ணி கோப்பைத் தட்டோடு எழுந்து வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு கரண்டியைக்கூடக் கைதவறிப் போட்டறியாதவள். அவள் முழங்கை குவளையில் இடித்தது. கண்ணாடி தரையில் தெறித்தது. காப்பி அண்ணனின் புதுச் செருப்புவரை ஓடியது.

"கண்ணு எங்க வச்சிருக்க?" என்றார் அண்ணன்.

"முகத்துலதான்" என்றபடியே அண்ணி ஃபினாயில் பாட்டிலைத் தரையில் கவிழ்த்தாள்.

விடுதிக்காரர் மூக்கைச் சுளித்தார். "ரோஜா வாசனை மாதிரி வருதே."

"தரை துடைக்கிற மருந்துங்க. இப்பல்லாம் எல்லா வாசனையிலயும் வருது."

மூக்கக்கா அண்ணியையே பார்த்தாள். கைதவறாத கை தவறியதன் பொருள் அவளுக்கு விளங்கியது. அலமாரியிலிருந்து ஆடுகிற கைப்பிடிக்காரனை எடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஏடு உடைந்தது.

"இப்ப சொல்லுங்க. என்ன வருது?" என்றார் விடுதிக்காரர்.

பக்கத்தில் மேசையைத் துடைக்கும் சாக்கில் அண்ணியும் குனிந்திருந்தாள். "உரிச்ச ஆரஞ்சுத் தோல்" என்று உதடு அசையாமல் முணுமுணுத்தாள். அதை வாங்கி அப்படியே திருப்பிச் சொன்னால் போதும், எல்லாம் சுபம். மூக்கக்கா நிமிர்ந்தாள்.

"எனக்கு எதுவும் வரலைங்க. காய்ச்சலுக்கு அப்புறம் வாசனையே தெரியறதில்ல. கை தெரியும், நாக்கு தெரியும். வாசனையை அண்ணி சொல்வாங்க."

விடுதிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அடக்கம்னு சொன்னாங்க, இவ்வளவுன்னு சொல்லலை." அண்ணனும் கூடவே சிரித்தார். அண்ணி ஆரஞ்சுத் தோலைச் சத்தமாகச் சொன்னாள். விடுதிக்காரர் குடித்துப் பார்த்து, ஆமாம் என்றார். மாதாமாதம் சரக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்த அண்ணனின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"ஏம்மா, அது நிஜமா?"

"நிஜம்தான் அண்ணா."

"எப்பலேர்ந்து?"

"காய்ச்சல்லேர்ந்து."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். காய்ச்சலுக்குப் பிறகு ஒரு புகாரும் வரவில்லை, சரக்கின் தரமும் கூடியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். முதல் போன பிறகும் கடை எப்படி லாபத்தில் ஓடியது என்று அவருக்குப் பிடிபடவில்லை. போன வருடம் தெருவுக்கே கேட்கும்படி சொன்ன வாக்கியம் அவர் வாய்வரை வந்திருக்க வேண்டும். அண்ணி துடைப்பத்தோடு எதிரே வந்து நின்றாள்.

"காலைத் தூக்குங்க, கண்ணாடி இருக்கு."

காலைத் தூக்கினார். தூக்கிய காலோடு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"புது பிரஸ் ஒண்ணு வாங்கணும்" என்றார் கடைசியில். "ரெண்டு பேரும் போய்ப் பார்த்து வாங்கிட்டு வாங்க."

உடைந்த பிரஸ்ஸின் கம்பியைத் தொட்டியில் கழுவும்போது மூக்கக்கா கேட்டாள்.

"உள்ள என்ன போட்டீங்க அண்ணி?"

"சோப்பு."

"எந்த சோப்பு?"

"ரோஜா."

மூக்கக்கா சல்லடையை மூக்கருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தாள்.

"நல்ல வாசனையா?"

"சுமார்தான்" என்றாள் அண்ணி. "நல்ல சோப்பையெல்லாம் உன் அண்ணன் பூட்டி வச்சிருக்காரு."