உப்புப் பார்க்கக் கூப்பிட்டவர்

சனிக்கிழமை பிற்பகல் எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மதிய உணவு சமைக்கும் மேரி அக்கா காலையில் மாரடைப்பால் இறந்துவிட்டார், மறுநாள் அடக்கம். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. நான்காவதாக ஓர் ஆசிரியர் கேட்டிருந்தார்: "திங்கட்கிழமை லீவா?" எனக்குக் கோபம் வந்தது. ஆனால் திங்கட்கிழமை என்று படித்ததும் எனக்கும் என் பையில் மூன்று மாதமாகக் கிடந்த ஒரு கடிதம்தான் நினைவுக்கு வந்தது.

அக்கா கையால் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது.

நானும் அந்தக் கன்னடப் பள்ளியில் படித்தவள். அப்பா எங்கள் ஊர் தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார்; விடியுமுன் போய்விடுவார். திங்கட்கிழமைகளில் மணி அடிப்பதற்கு முன்னால் மேரி அக்கா சமையலறை வாசலில் நின்று, கன்னடம் கலந்த தமிழில் நாலைந்து பேரைக் கூப்பிடுவார். "ஏ பாப்பா, சும்னே நிக்காத. வந்து உப்பு பாரு." உள்ளே பிள்ளைகள் வரக்கூடாது என்பது விதி. அதனால் படியில் உட்காரவைத்து ஆளுக்கொரு டம்ளர் அம்பலி, அதாவது ராகிக் கூழ், கொடுப்பார். "சரியா இருக்குக்கா" என்று சொன்னாலும் விடமாட்டார். "ஒரு வாய்ல என்ன தெரியும்? இன்னும் கொஞ்சம் பாரு."

என் நாக்கு நல்ல நாக்கு, அதனால்தான் கூப்பிடுகிறார் என்று வீட்டில் பெருமை பேசுவேன். மதியம் தட்டில் ஒருநாளும் அம்பலி வந்ததில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பட்டம் வாங்கி, அதே பள்ளிக்கு கெஸ்ட் டீச்சராகப் போன பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை பள்ளி அடுப்பு எரியாது. சில வீடுகளில் அன்றைக்குப் பெரியவர்களுக்கே போதாது. அந்தப் பிள்ளைகள் திங்களன்று வருவது வெறும் வயிற்றோடுதான். "காலைல பால் குடுக்கறாங்களேக்கா?" என்று கேட்டேன். "பால் பசிய எழுப்பி விடும் பாப்பா, படுக்க வெக்காது" என்றார். அம்பலிக்கான ராகி அவர் வீட்டிலிருந்து வந்தது.

நான் செய்த தவறை மறைக்க விரும்பவில்லை. காலை உணவு தர முன்வந்த ஒரு சேவை அமைப்பு, தேவைப்படும் பிள்ளைகளின் பட்டியல் கேட்டது. நான் வகுப்பில் நின்று, "காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். ஒரே ஒருவன் தூக்கினான். விசாரித்தால், வீட்டில் இட்லி சாப்பிட்டிருக்கிறான். பிஸ்கட் கிடைக்கும் என்று தூக்கியிருக்கிறான். யாருக்கும் தேவையில்லை என்று எழுதி அனுப்பினேன். அவர்கள் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

அக்காவிடம் சொன்னபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நீ தூக்குனியா அப்போ? படியில உக்காந்தப்போ உன்னை நான் கை தூக்கச் சொல்லியிருந்தா தூக்கியிருப்பியா?" மறுபடி கரண்டியை எடுத்தார். "பசி கை தூக்காதும்மா. தலையக் குனிஞ்சுகிட்டு நோட்டுல எதையோ கிறுக்கும். அத நீதான் பாக்கணும்."

உதவ வருகிறவர்கள் மேல் அவருக்கு மரியாதை உண்டு, எரிச்சலும் உண்டு. பிறந்தநாள் என்று சிலர் கேக்கோடு வருவார்கள், எப்போதும் சாப்பாடு முடிந்த பிறகு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். "வயிறு நெறஞ்சப்புறம் வர்ற தர்மம் போட்டோவுக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் தேய்ப்பார். கேக் வெட்டக் கத்தியும் அவர்தான் கொடுப்பார்.

கடிதம் எழுதச் சொன்னவர் அவர்தான். "எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. வீட்டு ராகிய எத்தன நாள் தூக்கிட்டு வர்றது? திங்கக்கெழம காலைல எல்லா பிள்ளைங்களுக்கும் ஒரு வேளை வேணும்னு ஹெட்மாஸ்டருக்கு எழுது. எல்லாருக்கும்னு போடு. பட்டியல் கேட்டா குடுக்காத." அன்றே எழுதினேன். கொடுக்கத்தான் கூச்சம். தற்காலிக வேலையில் இருப்பவள், வந்த வருடமே மனு நீட்டலாமா என்று பயம். வாரம் தவறாமல் "குடுத்தியா?" என்பார். "நாளைக்குக்கா" என்பேன். கடைசியாகக் கேட்டபோது, "டிகிரிய வெச்சு அடுப்பா மூட்டப் போற?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அந்தத் திங்கட்கிழமை லீவு விடவில்லை. மைதானத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டார்கள். எப்போதும் சிரித்த முகத்தோடு பரிமாறியவர் என்று ஹெட்மாஸ்டர் பேசினார். சிரித்த முகமா? முக்கால்வாசி நேரம் அவர் திட்டிக்கொண்டுதான் பரிமாறினார். பிறகு ஒரு நிமிட மௌனம். எல்லோரும் தலை குனிந்திருந்தபோது மூன்றாம் வகுப்பு திவ்யா மட்டும் திரும்பிப் பூட்டிய சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்டள்ளி என்ற தமிழர் கிராமத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். முந்தின வாரம் வரை அந்தப் படியில் உட்கார்ந்தவள்.

கூட்டம் கலைந்ததும் ஹெட்மாஸ்டரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். "இன்று துக்க நாள், இப்போது வேண்டாமம்மா" என்று கன்னடத்தில் சொல்லி, பிரிக்காமல் மேசையில் வைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போது நான் "பார்த்தீங்களா சார்?" என்று வாரம் தவறாமல் கேட்கிறேன். அவர் "நாளைக்கு" என்கிறார். கோபப்பட எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் கோபமாகத்தான் இருக்கிறது. ஒரு பெண்ணின் முழங்காலையும் அவர் வீட்டு ராகியையும் நம்பியா ஒரு பள்ளிக்கூடம் இத்தனை வருடம் இருந்தது?

அக்காவுக்கு ஏதாவது செய்ய நினைத்தால், மாலை வேண்டாம், கேக்கும் வேண்டாம். என்னோடு ஹெட்மாஸ்டர் அறைக்கு வாருங்கள். தனியாகப் போனால் என் குரல் எழும்புவதில்லை.

அதுவரை திங்கட்கிழமைகளில் ஃபிளாஸ்க்கில் அம்பலி கொண்டுபோகிறேன். முதல் வாரம், "உப்பு பாரு" என்று திவ்யாவைக் கூப்பிட்டேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "உப்பே இல்லீங்க மிஸ்" என்றாள். உண்மைதான், மறந்திருந்தேன். போன வாரம் சரியாகப் போட்டிருந்தேன். டம்ளரைக் காலி செய்துவிட்டு யோசிப்பதுபோல் நின்றாள். இன்னும் கொஞ்சம் பார் என்று சொல்ல நான் வாயெடுக்குமுன் அவளே டம்ளரை நீட்டினாள்.

"ஒரு வாய்ல தெரியலீங்க மிஸ்."

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வாக்கியம்தான். அது அவளிடமும் இருக்கிறது.