ஞாயிற்றுக்கிழமை கோலாசிப்புக்கு இரண்டு டிக்கெட்

“நோ சுமோ, மேடம். டுமாரோ சண்டே.”

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி இருக்கும். போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் எங்கள் டிராவல் ஆபீஸில் உட்கார்ந்து, அஸ்ஸாமில் உள்ள சில்சருக்குப் போன் போட்டிருந்தேன். அங்கிருந்து மிசோரத்துக்கு ஓடும் ஷேர் ஜீப்பான சுமோவில் மறுநாள் இரண்டு சீட் வேண்டும். கவுண்டர்காரர் சொன்னது விளங்காமல் திரும்பக் கேட்டேன்.

“மிசோரம் சண்டே ஃபுல் க்ளோஸ். எல்லாரும் சர்ச். கோயி நஹி ஜாயேகா,” யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்த இரண்டு சீட்டுக்கு உரியவர்கள் அதே நேரத்தில் கொல்கத்தா ஏர்போர்ட்டில் பெட்டிக்காகக் காத்திருந்தார்கள். மறுநாள் காலை பத்தரைக்குச் சில்சரில் இறங்குவார்கள். இறங்கி எப்படிப் போவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

டிக்கெட்டிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம், இருபத்தாறு வருஷ சர்வீஸில் செய்த பெரிய தப்பு எது என்று கேட்பதுண்டு. அது இதுதான்.

1. பாஸ் எடுத்தது

முருகேசன் அண்ணன் ஹேடோ வார்ஃபில் கிரேன் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். குடும்பம் நான்கு தலைமுறையாக இந்தத் தீவில். மெயின்லேண்ட் என்றால் அவருக்குச் சென்னை மட்டும்தான், அதுவும் கப்பலில். அவரும் மனைவி இந்திரா அக்காவும் ஒரு நாள் ஆபீஸுக்கு வந்தார்கள். ஒரே மகள் தேவி, மிசோரத்தில் கோலாசிப் என்ற ஊரில் மத்திய அரசுப் பள்ளியில் டீச்சர். எட்டாவது மாசம். ரத்தக் கொதிப்பு இருப்பதால் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் சரக்குக் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருக்கிறார்.

“அவ வர முடியாது. நாங்கதான் போகணும். அது எங்க இருக்குன்னே எனக்கு மாலும் நஹி, ஜமீலா,” என்றார் அண்ணன்.

எனக்கும் தெரியாது. மேப்பைப் பார்த்தேன். மிசோரத்தின் தலைநகருக்கு ஃபிளைட் உண்டு. ஆனால் கோலாசிப்புக்குச் சில்சர்தான் பக்கம். அங்கிருந்து மலைப்பாதையில் வைரெங்தே என்ற எல்லை கேட், அதைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம். கொல்கத்தாவில் ஒரு ராத்திரி தங்கிச் சில்சர் ஃபிளைட் பிடிப்பதாகத் திட்டம்.

மிசோரத்துக்குள் போக வெளி மாநிலத்தாருக்கு ஐ.எல்.பி. என்ற பாஸ் வேண்டும் என்றதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அரே, நம்ம தேசத்துக்குள்ள போறதுக்கு பாஸா? கார் நிக்கோபாருக்குக் கேக்குற மாதிரியா?”

“அதே மாதிரிதான் அண்ணே.”

கார் நிக்கோபாருக்கு எத்தனையோ கான்ட்ராக்டர்களுக்கு டிரைபல் பாஸ் வாங்கிக் கொடுத்த கை இது. பாஸ் என்று வந்துவிட்டால் எனக்கு ஒரு கர்வம் உண்டு. தேவி வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா பேரில் சிபாரிசு வாங்கி, போட்டோ, ஆதார் எல்லாம் ஏற்றி, மூன்றாம் நாளே பாஸை எடுத்துவிட்டேன். இரண்டு பிரிண்ட் அவுட், ஒன்று பையில், ஒன்று சட்டைப் பாக்கெட்டில் என்று சொல்லிக் கொடுத்தேன்.

தேதி பேசும்போதுதான் அந்தச் சின்ன விஷயம் நடந்தது. இந்திரா அக்கா வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை சீட்டும் இருந்தது. நான்தான் மாற்றினேன்.

“வெள்ளிக்கிழமை ஃபிளைட் கொல்கத்தால சாயங்காலம்தான் எறங்கும், அக்கா. அண்ணனுக்கு முட்டி வலி வேற. சனிக்கிழமைன்னா மத்தியானமே போய்ப் படுத்துக்கலாம்.”

அக்கா அரைமனசாகத் தலையாட்டினார். நான் சனிக்கிழமைக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. எங்கள் தீவில் ஞாயிறு என்றால் கடை கொஞ்சம் தாமதமாகத் திறக்கும், அவ்வளவுதான்.

2. சனிக்கிழமை மதியம்

சுமோ கவுண்டர் போனை வைத்தபின் இன்னும் மூன்று இடங்களுக்கு அடித்தேன். சில்சர் டாக்ஸிக்காரர் ஒருவர் கேட் வரை வருவார், கேட்டைத் தாண்ட மாட்டார். கோலாசிப்பில் இரண்டு டிரைவர்கள் கிடைத்தார்கள். ஒருவர் மறுத்தார், மற்றவர் போனையே எடுக்கவில்லை.

எங்கள் முதலாளி பிஸ்வாஸ் தாதா பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “க்யா ஹுவா?” என்றார். சொன்னேன். சில்சரில் ஒரு நாள் தங்கவைத்து திங்கட்கிழமை அனுப்பிவிடு, இதற்கு ஏன் முகம் இப்படிப் போகிறது என்றார்.

அதுவும் சரிதான் என்று நினைத்தேன். லாட்ஜ் தேட ஆரம்பித்தேன். நாலு மணிக்கு ஒரு போன் வந்தது.

பெண் குரல். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். பாஸ் விஷயமாக நான் பேசியிருந்த, தேவியின் வீட்டுக்காரம்மா ரெமி. அவசரம் என்றால் என்னைக் கூப்பிடச் சொல்லி வைத்திருந்தாளாம் தேவி. அவளுக்குக் காலையிலிருந்து தலைவலி, கண் மங்கல், கால் வீக்கம். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. கொதிப்பு இறங்கவில்லை என்றால் நாளையே ஆபரேஷன். அப்பா அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று தேவி சொல்கிறாள், உங்களிடம் சொல்கிறேன். அவர்கள் நாளைக்கு வந்துவிடுவார்கள் இல்லையா?

வண்டி இல்லை என்று அவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

பிறகு, “நீங்கள் எங்களைக் கேட்டிருக்கலாமே,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. பாஸுக்காக அந்த அம்மாவிடம் நாலு தடவை பேசியிருக்கிறேன். எந்தக் கிழமை வரலாம் என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்கச் சர்ச் பெரியவரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார். சாயங்காலம் ஒரு மெசேஜ் வந்தது. காலை ஆராதனை முடிந்ததும் தன் தம்பி சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வருவார், ஒரு மணிக்கு மேல் ஆகலாம்.

அண்ணனுக்குப் போன் செய்து, சுமோ இல்லை, கேட் வரை ஒரு வண்டி, அங்கிருந்து வேறு வண்டி என்று மட்டும் சொன்னேன்.

“டீக் ஹை, நீ பாத்துக்குவ,” என்றார்.

3. கேட்

ஞாயிறு காலை பதினொன்றுக்கு அவர்கள் டாக்ஸியில் ஏறிவிட்டார்கள். அதற்குப் பிறகு சிக்னல் இல்லை. நான் வீட்டில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். சமைக்கவில்லை. என் வீட்டுக்காரர் கடையில் பரோட்டா வாங்கி வந்தார், அதையும் பிரிக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு ரெமி கூப்பிட்டார். தேவியை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். கையெழுத்துப் போட ஆள் இல்லாததால் அவரே போட்டிருக்கிறார்.

ஒன்றரைக்கு அண்ணன் போன். காற்று இரைச்சலுக்கு நடுவே குரல் கேட்டது.

“ஜமீலா, கேட்ல நிக்கிறோம். டாக்ஸி திரும்பிப் போயிட்டான். இங்க ஒரு கடை கூடத் தொறந்திருக்கல. போலீஸ்காரன் பாஸ்ல பேரு முன்னும் பின்னுமா இருக்குங்கிறான்.”

ஆதாரில் முருகேசன் எஸ். பாஸில் எஸ். முருகேசன். நான் டைப் அடித்ததுதான்.

“போனை அவர்கிட்ட குடுங்க அண்ணே.”

ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் கெஞ்சினேன். மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அண்ணன் பக்கத்தில் நிற்கிறார். சொல்லவில்லை. போலீஸ்காரர் அண்ணனின் பிறந்த தேதியைக் கேட்டார், சொன்னேன். “ஓக்கே, ஓக்கே,” என்றார். லைன் போய்விட்டது.

விட்டுவிட்டாரா, வண்டி வந்ததா, ஒன்றும் தெரியாது. இரண்டு, இரண்டரை, மூன்று. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஃபிளைட் கேன்சல் பார்த்திருக்கிறேன். புயலில் கப்பல் நின்று நூறு பேர் கவுண்டரில் கத்தியதையும் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் வானத்தைக் காட்டிக்கொள்ளலாம். இன்றைக்குக் காட்ட யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை அனுப்பியிருந்தால் நேற்றுச் சாயங்காலமே மகளின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

நாலே முக்காலுக்கு இந்திரா அக்கா கூப்பிட்டார். முதலில் அழுகைதான் கேட்டது.

“பொம்பளப் புள்ள. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. தேவிக்கு ஃபிட்ஸ் வந்து இன்னும் முழிக்கல. அந்தம்மா அவ கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கு.”

தேவி கண் விழித்தது மறுநாள் காலையில்.

4. ஆபீஸில்

ஒன்றரை மாதம் கழித்து அண்ணனும் அக்காவும் திரும்பி வந்தார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாகவும், மருமகன் லீவில் வந்துவிட்டதாகவும் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒரு மிசோ சால்வை கொண்டுவந்திருந்தார்கள். அண்ணன் ஆபீஸ் வாசலிலிருந்தே தாதாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“ஊரே பந்தா கெடக்குற நாள்ல, இங்க உக்காந்துக்கிட்டு வண்டி ஏற்பாடு பண்ணாளே இந்தப் பொண்ணு! வேற யாரு செய்வா?”

தாதா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே, “ரஹ்னே தோ,” என்றார். பேசாமல் விட்டுவிடு என்று அர்த்தம். விட்டிருக்கலாம். அந்தச் சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

“அண்ணே, அன்னைக்கு ஊரே மூடியிருக்கும்னு நான் விசாரிக்கல. வண்டி ஏற்பாடு பண்ணது ரெமியம்மா. அக்கா வெள்ளிக்கிழமைன்னுதான் கேட்டாங்க. சனிக்கிழமைக்கு மாத்தினது நான். தேவி ஆஸ்பத்திரியில இருக்கறதும் எனக்கு முந்தின நாளே தெரியும்.”

அண்ணனுக்கு வந்த டீ மேஜையில் இருந்தது.

“அந்த கேட்ல ஒண்ணே கால் மணி நேரம் நின்னோம்,” என்றார் அண்ணன். “நாங்க நின்ன நேரத்துலதான் எம் பொண்ணுக்கு வலிப்பு வந்திருக்கு.” எழுந்து வெளியே போய்விட்டார். டீயைத் தொடவில்லை.

இந்திரா அக்கா உடனே எழுந்திருக்கவில்லை. “எனக்கு வெள்ளிக்கிழமைன்னு தோணுச்சு. நீ வெவரம் தெரிஞ்சவன்னு சும்மா இருந்துட்டேன்,” என்றார். சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை. அவரும் போனார்.

அண்ணன் அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸுக்கு வரவில்லை. வார்ஃப் ரோட்டில் எதிரே பார்த்தால் தலையசைப்பார், நிற்க மாட்டார். அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். கனெக்‌ஷன் நேரம், பாஸ், பி.என்.ஆர். எல்லாம் ஸ்கிரீனில் இருக்கும். போகிற ஊரில் அன்றைக்கு மனிதர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பது ஸ்கிரீனில் இருக்காது. அங்கே வசிக்கிற ஒருவரிடம் கேட்டால்தான் தெரியும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் காரணம் சொல்லத் தெரியாமல் ஒரு தேதியைக் கேட்டால், மாற்றுவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள்.

பிள்ளைக்கு ஒரு வயது முடியும் சமயத்தில் இந்திரா அக்கா தனியாக ஆபீஸுக்கு வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“பேத்திக்கு பர்த்டே. ரெண்டு டிக்கட் போடு. அவருக்குத் தெரியாம வந்திருக்கேன்.”

“எந்தத் தேதிக்கு அக்கா?”

சொன்னார். நான் போனை எடுத்து, முதலில் ரெமியம்மாவைக் கூப்பிட்டேன்.