மூடி போட்ட கெமராவில் விழுந்த முகம்

நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. ஜின் இருக்குதெண்டு குர்ஆன்ல இருக்கு, அதை மறுக்கிற ஆள் நானில்ல, ஆனா அதுகளுக்கு வேற வேலை வெட்டி இல்லாம எங்கட கற்பிட்டிப் பக்கம் வந்து மனிசரைப் பயங்காட்டிக்கொண்டு திரியுதெண்டு யாரும் சொன்னா, முகத்துக்கு நேரயே சிரிச்சிருவன். அப்பிடியான ஆள்தான் நான். நான் கண்டதை நீங்க நம்பாம விடுங்க, எனக்குக் கோவமில்ல. மூடியைக் கழட்டாமப் படம் எடுத்தவள் எண்டு மட்டும் சொல்லிராதீங்க. அந்தக் கதையைக் கேட்டா இப்பவும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரியும்.

கலியாண வீட்டில பொம்பளைப் பக்கம் படம் எடுக்கிறதுதான் என்ட தொழில். ஆம்பிளை படக்காரர் அங்க வரேலாதானே, அதால எங்க கலியாணம் நடந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. என்னை நம்புறதுக்கு ரெண்டு காரணம். பொண்ணைச் சோடிச்சு முக்காடு போட்டு முடியும் வரைக்கும் கெமராவில மூடி இருக்கும், அதைக் கழுத்தில தொங்கவிட்டு எல்லாரும் பார்க்கிற மாதிரி நிப்பன். பிறகு, கலியாணம் முடிஞ்ச அடுத்த நாள் கார்டைக் கொண்டுபோய் பொண்ணு வீட்டாரோட ஒண்டா இருந்து, அவங்கட கொம்ப்யூட்டரிலயே படத்தைக் காட்டி, கார்டையும் அங்கயே குடுத்திட்டு வருவன். என்னட்ட ஒரு படமும் மிஞ்சாது.

அந்த நேரம் பார்த்துத்தான் என்ட கூடப்பிறந்த நானா கட்டாரில இருந்து ஒரு புதுக் கெமரா அனுப்பினார். பின்னுக்குத் திரையே இல்லாத சாமான். எல்லாத்தையும் கையாலதான் திருப்பணும். மேல ஒரு சக்கரம் வேகத்துக்கு, முன்னுக்கு ஒரு வளையம் வெளிச்சத்துக்கு, அதுக்குக் கீழ ஒரு சின்னக் குமிழ் தூரத்துக்கு. பழைய கெமராவில மூடி போட்டா ஒரே இருட்டு, இதில பார்க்கிற கண்ணாடி வேற பக்கம் இருக்கிறதால மூடி போட்டாலும் எல்லாம் பளிச்செண்டு தெரியும். கண்ணாடிக்கு நடுவில ஒரு சின்னச் சதுரம். அதுக்குள்ள ஆள் ரெண்டாத் தெரியும், குமிழைத் திருப்பித் திருப்பி ரெண்டையும் ஒண்டாக்கினா சரி. சொல்ல லேசு, எனக்குக் கை படியவே இல்ல. நானாவுக்கு மனசுக்குள்ள ஏசிக்கொண்டே பழகினன்.

ஷிஃபானாட கலியாணத்துக்கும் அதைத்தான் கொண்டு போனன். அந்தப் புள்ளையைப் பெத்த அண்டைக்கே உம்மா மவுத்தாப் போயிட்டா. உம்மாக்குப் படம் எடுக்கிறதே பிடிக்காதாம், அடையாள அட்டையில இருந்த படமும் வெள்ளத்தில போயிட்டுதாம். முதல் நாளே என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னாள், "ராத்தா, உம்மாட முகம் எப்பிடி எண்டே எனக்குத் தெரியா. என்ட புள்ளைகளுக்கு அந்தக் கதி வேணாம், என்னை நிறையப் படம் எடுங்க" எண்டு.

லுஹர் தொழுகைக்குப் பிறகு, நல்ல வெயில். பொண்ணு யன்னல் பக்கம் பார்த்துக் கதிரையில இருக்காள், முக்காட்டை இன்னும் சரியா ஊசி குத்தி முடிக்கல்ல. மாப்பிள்ளை வந்திட்டார் எண்டு சத்தம் கேட்டதும் சோடிக்க வந்தவ, அவள்ட மாமி, மற்றப் பொம்பளைகள் எல்லாரும் பார்க்க ஓடிட்டாங்க. நான் வாசல்ல நிண்டன். மூடி போட்டபடிதான், அல்லாஹ் மேல ஆணையா மூடி போட்டபடிதான், சும்மா நிக்காமக் கை பழக்குவம் எண்டு அவள்ட முதுகைப் பார்த்துக் குமிழைத் திருப்பினன். சதுரத்துக்குள்ள அவள் ஒண்டானாள், பக்கத்தில இன்னொரு உருவம் ஒண்டாகாம ரெண்டா நிக்குது. இன்னும் திருப்பினன். அது ஒண்டாச்சு, இப்ப இவள் ரெண்டாப் பிரிஞ்சாள். எனக்குக் கோவம் வந்து, இந்தச் சனியனைப் படிக்கேலாது எண்டு பட்டனை ஒரு அமத்து அமத்தினன். கண்ணை எடுத்துப் பார்த்தா அறையில அவளைத் தவிர யாருமில்ல.

"ராத்தா, உங்கட கை என்ன இப்பிடிக் குளிருது?" எண்டாள், திரும்பாமலே.

என்ன புள்ள எண்டு கேக்கிறதுக்குள்ள மாமியாக்கள் திரும்பி வந்திட்டாங்க. அதுக்குள்ள முக்காடு குத்தி முடிஞ்சிருந்திச்சு, யார் குத்தினதெண்டு ஒருத்தரும் கேக்கல்ல. மாமிக்கு முன்னாலயே மூடியைக் கழட்டினன், பின்னேரம் வரைக்கும் எடுத்தன்.

அடுத்த நாள் பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தாள். அவள்ட வாப்பாவும் அவர்ட தங்கச்சி, அந்த மாமியும்தான் என்னோட இருந்தாங்க. முதல்ல வந்ததெல்லாம் கறுப்பு. மூடியோட கை பழகினது எண்டு சொன்னன், மாமி சிரிச்சா. அந்தக் கறுப்புகளுக்கு நடுவில ஒரு படம். ஷிஃபானா கலங்கலாத் தெரியிறாள், முடி தெரியுது. அவளுக்குப் பின்னால வெளிறின சாரி கட்டின ஒரு பொம்பளை ஒரு பக்கமாக் குனிஞ்சு, முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு நிக்கிறா. வெள்ளை மணி வெச்ச ஊசி ஒண்டு அவட உதட்டுக்கிடையில. அவட முகம் மயிர்க்கால் வரைக்கும் தெளிவு.

"மூடி போட்ட மாதிரிக் காட்டி முக்காடில்லாம எடுத்திருக்காள், கள்ளி!" எண்டு மாமி கத்தினா. நானும் விடல்ல, நல்லாக் கத்தினன். வாப்பா திரைக்குக் கிட்டப் போய், "ரஹ்மா" எண்டார், ஒரே ஒரு தரம். மவுத்தான அவர்ட பொஞ்சாதிட பேர் அது. மனிசன் கார்டை இழுத்தெடுத்து ரெண்டு விரலால முறிச்சுப் போட்டார். கலியாணம் முழுக்க அதுலதான் இருந்திச்சு.

"உம்மாட முகத்தையே காணாத புள்ளை அது! முறிக்க உங்களுக்கு எப்பிடி மனசு வந்திச்சு?" எண்டு கேட்டன். பெரிய மனிசர் எண்டும் பார்க்கல்ல.

"அவட மையத்தைக் குளிப்பாட்டின கை இது" எண்டார். "வந்தது அவ இல்ல."

பிறகு ஊருக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? படக்காரி மூடியைக் கழட்ட மறந்திட்டாள், ஒரு படமும் வரல்லயாம்! சிலாபம் வரைக்கும் அந்தக் கதை போச்சு. மூடி ராத்தா எண்டு எனக்குப் பேரும் வெச்சாங்க. என்னட்டக் காட்ட என்ன இருக்கு? படத்தை வெச்சுக்கொள்ள மாட்டன் எண்ட வாக்கைக் காப்பாத்தினதுக்குக் கிடைச்ச கூலி அது. அந்த வாக்கை நினைச்சே எனக்கு ஆத்திரம் வரும்.

சில கிழமை கழிச்சு ஷிஃபானாவே என்ட வீட்டுக்கு வந்தாள். ஏசத்தான் வந்திருக்காள் எண்டு நினைச்சன். அவள் கைலேஞ்சித் துணியை விரிச்சு ஒரு ஊசியை எடுத்து நீட்டினாள். வெள்ளை மணி வெச்ச ஊசி, காம்பெல்லாம் கறுத்துப் போயிருந்திச்சு.

"அண்டைக்கு நீங்க குத்தின ஊசி ராத்தா. உங்கடதானே?"

 அவள்ட வாப்பா கார்டை முறிச்சதைச் சொல்லத்தான் இத்தனை நாளும் துடிச்சுக்கொண்டு இருந்தன், இப்ப அந்த வெள்ளை மணியையே பார்த்துக்கொண்டு நிண்டன்.

"படம் வராட்டிப் பரவாயில்ல" எண்டாள். "குத்திப்போட்டு நெத்தியில உதடு வெச்சுக் கொஞ்சினீங்களே, என்னை யாரும் அப்பிடிக் கொஞ்சினதில்ல."

ஊசியை நீங்களே வெச்சுக்கங்க எண்டு மட்டும் சொன்னன். அவள் சிரிச்சுக்கொண்டே முக்காட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள்.

"இந்த இடம் மட்டும் இன்னும் அப்பிடியே இருக்கு ராத்தா. தொட்டுப் பாருங்க."

பங்குனி வெயில், முற்றத்து மணல்ல கால் வைக்கேலாது, அவள்ட முகமெல்லாம் வேர்வை. நான் தொட்டன். நெத்தியில அந்த ஒரு இடம் ஐஸா இருந்திச்சு.